காம்ப்யூசெல்3டி: நெய்பர் ஆர்டரை 4 ஆக்கியதும் ஓரத்துச் செல்கள் மறைகின்றன, உதவி தேவை

காரைக்குடி மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகக் காம்ப்யூசெல்3டி என்ற செல் சிமுலேஷன் மென்பொருளில் ஒரு சின்னத் திசு மாடல் ஓட்டுகிறேன். இருபரிமாணம், சதுரக் கட்டம், ஒரே வகைச் செல்கள், சுற்றிலும் மீடியம் (செல் இல்லாத வெளி). செல்கள் வளர்ந்து பிரிந்து, திசு வட்டமாகப் பரவ வேண்டும். அவ்வளவுதான்.

முதலில், செல்கள் தொடும் எல்லைக்கு எனர்ஜி கணக்கிடும் கான்டாக்ட் ப்ளகினில் நெய்பர் ஆர்டர் (எவ்வளவு தூரத்துப் பிக்சல் வரை அக்கம்பக்கம் என்று எண்ணுவது) 1 வைத்திருந்தேன். செல் எதுவும் சாகவில்லை. ஆனால் எல்லாம் ஆத்தங்குடிக் கல் பதித்த மாதிரி சதுரம் சதுரமாக நின்றன. கைடு பார்த்துவிட்டு, "இது திசுவா, வளவுத் தரையா?" என்று கேட்டார். ஆர்டரைக் கூட்டினால் கட்டத்தின் சாயல் குறையும் என்று படித்ததால் 4 ஆக்கினேன். இப்போது ஓரத்தில் உள்ள செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மறைகின்றன. நடுவில் இருப்பவை சிறுத்தாலும் பிழைக்கின்றன; ஆனால் வெளி வரிசை போனதும் அடுத்த வரிசை ஓரமாகிவிடுகிறது, அதுவும் போகிறது.

டார்கெட் வால்யூம் (செல் எட்டப் பார்க்கும் பிக்சல் அளவு) 25, லாம்ப்டா வால்யூம் (அந்த அளவை விட்டு விலகாமல் பிடிக்கும் பலம்) 2, செல்–செல் கான்டாக்ட் எனர்ஜி 10, செல்–மீடியம் 16, டெம்பரேச்சர் (எனர்ஜி கூடும் மாற்றத்தையும் எவ்வளவு எளிதில் அனுமதிப்பது) 10. எரர் எதுவும் வருவதில்லை. மைட்டோசிஸ் (செல் பிரிதல்) பகுதியை எடுத்துவிட்டாலும் இதே கதைதான்.

தேவகோட்டைக்காரன்:
லாம்ப்டாவை 50 போடுங்க தங்கச்சி. ஒரு செல்லும் மறையாது. என் மாடலில் அப்படித்தான் ஓடுகிறது.

பள்ளத்தூர் வாத்தியார்:
பொறுங்கள். முதலில் இரண்டு கேள்வி. ஒன்று, நெய்பர் ஆர்டர் என்ற வரி எக்ஸ்எம்எல் ஃபைலில் இரண்டு இடத்தில் வரும்: பாட்ஸ் பகுதியில் ஒன்று, கான்டாக்ட் ப்ளகினுக்குள் ஒன்று. பாட்ஸில் உள்ளது பிக்சல் நகலெடுக்க (ஒரு செல் பக்கத்துப் பிக்சலைத் தனதாக்க) எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதற்கு. எனர்ஜி கணக்குக்கு அல்ல. நீங்கள் எதை மாற்றினீர்கள்? இரண்டு, செல்கள் தொடங்கிய உடனே மறைகின்றனவா, கொஞ்சம் ஓடிய பிறகா? உடனே என்றால் பைத்தானில் டார்கெட் வால்யூமும் லாம்ப்டாவும் கொடுக்காமல் விட்டிருக்கலாம். கொடுக்காவிட்டால் இரண்டும் 0 தான்.

காரைக்குடி மாணவி:
கான்டாக்டில்தான் மாற்றினேன் சார். உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இரண்டு மதிப்பையும் பைத்தானில் ஒவ்வொரு செல்லுக்கும் கொடுத்திருக்கிறேன்.

பள்ளத்தூர் வாத்தியார்:
அப்படியானால் ப்ரோக்ராமில் கோளாறு இல்லை, எனர்ஜி அளவில்தான்.

இந்த மாடலில் அக்கம்பக்கத்துப் பிக்சல் இரண்டும் வெவ்வேறு செல்லைச் சேர்ந்தவை என்றால், அந்த ஜோடிக்கு ஒரு கான்டாக்ட் எனர்ஜி விழும். சதுரக் கட்டத்தில் ஆர்டர் 1 என்றால் அக்கம்பக்கம் 4 பிக்சல். ஆர்டர் 2 என்றால் 8, 3 என்றால் 12, 4 என்றால் 20. இப்போது ஒரு நேரான எல்லைக்கோட்டை வரைந்து, அதைத் தாண்டும் ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பிக்சல் நீளத்துக்கு முறையே 1, 3, 5, 11 வரும். நீங்கள் 10, 16 என்ற எண்களைத் தொடவில்லை, ஆனால் எல்லையின் இழுவிசை 11 மடங்காகிவிட்டது.

தனிச் செல் ஒன்றைச் சதுரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். லாம்ப்டா 2, டார்கெட் 25 இருக்கும்போது சுருக்கத்தைத் தாங்கும் தரப்பு 4 × (25 − பரப்பு) × பரப்பின் வர்க்கமூலம். பரப்பு 8 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது இது உச்சம் தொடும், சுமார் 192. சுருக்கும் தரப்பு ஆர்டர் 1-இல் 32 (2 × 16 × 1). செல் 23 பிக்சல் அளவில் நின்றுவிடும். ஆர்டர் 4-இல் அது 352. எங்கேயும் நிற்காது, பூஜ்யம் வரை போகும்.

நடுச் செல் ஏன் பிழைக்கிறது? செல்–செல் எல்லையின் எனர்ஜியை இரண்டு செல்லும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் அங்கே 110 தான், 192-க்குள் அடங்கிவிடும். மீடியம் பக்கத்தில் பங்காளி கிடையாது, முழுச் சுமையும் அந்தச் செல்லின் தலையில்தான். பாதி எல்லை மீடியத்தைத் தொடும் செல்லுக்கு 231 வருகிறது. தோராயக் கணக்குதான், ஆனாலும் நீங்கள் திரையில் பார்த்தது இதுதான்.

கான்டாக்ட் எனர்ஜி இரண்டையும் 11-ஆல் வகுத்துவிடுங்கள்: செல்–செல் 0.9, செல்–மீடியம் 1.45. தசமம் கொடுக்கலாம். லாம்ப்டா, டெம்பரேச்சர் இரண்டையும் தொட வேண்டாம்.

தேவகோட்டை நண்பர் சொன்னபடி 50 போட்டால் செல் மறையாதுதான். ஆனால் டார்கெட்டில் இருக்கும் செல் ஒரு பிக்சல் கூடுவதற்கு வால்யூம் கணக்கில் மட்டும் 50 செலவு. டெம்பரேச்சர் 10 என்றால் அது நடக்கும் வாய்ப்பு 0.7 சதவீதம்தான். லாம்ப்டா 2-இல் 82 சதவீதம். திசு உறைந்து நிற்கும். இயற்பியலாளர்கள் கிரானரும் கிளேசியரும் 1992-இல் இந்த முறையைக் கொண்டுவந்ததே, ஒட்டும் தன்மை வேறுபட்ட செல்கள் நகர்ந்து தாமாகவே பிரிந்து சேர்வதைக் காட்டத்தான். செல் நகராத மாடலுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

தேவகோட்டைக்காரன்:
வாத்தியாரே, என்னுடையது குருத்தெலும்பு. அங்கே செல்கள் இருந்த இடத்திலேயேதான் கிடக்கும். எனக்கு 50 போதும். தங்கச்சிக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்குடி மாணவி:
நன்றி சார், சரியாகிவிட்டது. ஓரம் அப்படியே நிற்கிறது, சதுரமும் போய்விட்டது. மைட்டோசிஸைத் திரும்பச் சேர்த்ததும் வேறொன்று: ஒவ்வொரு எம்.சி.எஸ்.-க்கும் (சிமுலேஷனின் ஒரு காலப்படி) டார்கெட்டில் 1 கூட்டுகிறேன். நடுச் செல்களுக்கு இடமே இல்லாமல் டார்கெட் மட்டும் 200-ஐத் தாண்டுகிறது.

கண்டனூர் அக்கா:
எல்லாச் செல்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீங்கம்மா. நிஜ வால்யூம் டார்கெட்டை நெருங்கிய செல்லுக்கு மட்டும் கூட்டுங்கள். நெருக்கத்தில் மாட்டியவை தானாக நின்றுவிடும். செல் பிரியும்போது முதலில் தாயின் டார்கெட்டைப் பாதியாக்கி, அப்புறம் குழந்தைக்கு நகலெடுங்கள். வரிசை மாறினால் குழந்தை முழு டார்கெட்டோடு பிறந்து பக்கத்துச் செல்களை நெருக்கும். எக்ஸ்எம்எல்லில் டார்கெட் வால்யூம் வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பைத்தானில் கொடுப்பது எதுவும் எடுபடாது.

காரைக்குடி மாணவி:
எக்ஸ்எம்எல்லில் அந்த வரி இல்லை அக்கா. மற்ற இரண்டையும் மாற்றி ஓடவிட்டிருக்கிறேன். இதுவரை நடுச் செல்களின் டார்கெட் 30-ஐத் தாண்டவில்லை.