டிஸ்பயோசிஸ்: ‘சமனின்மை’ போதுமா?

> டிஸ்பயோசிஸ் என்பதற்கு ‘நுண்ணுயிர்ச் சமனின்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா. உடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் சீர்குலையும் நிலைக்குத்தானே நம் கலைச்சொற் பட்டியலில் தமிழ்ச் சொல் தேடுகிறோம்? தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. சமன் என்றாலே தராசு நினைவுக்கு வருகிறது: ஒரு தட்டில் நல்ல பாக்டீரியா, மறு தட்டில் கெட்டது.

கிளாஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் தொற்றைப் பாருங்கள். அந்தக் கிருமியை 1935இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே நலமாயிருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான். வளர்த்தெடுக்கப் படாதபாடு பட்டதால் வந்த பெயர் ‘டிஃபிசில்’. அது குடலில் இருந்தாலே நோய் என்றில்லை. வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, மற்ற இனங்கள் கூண்டோடு அழியும்போது தலையெடுக்கிறது. அழிந்தவற்றில் சில, பித்த அமிலங்களை இந்தக் கிருமிக்கு ஒவ்வாத வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தவை. அவை போனதும் காவலும் போயிற்று. வயிற்றுப்போக்கு, பெருங்குடல் அழற்சி என்று தொடங்கிவிடுகிறது. இங்கே தட்டு சாயவில்லை, ஊர் காலியாகிவிட்டது.

அதனால் ‘குடி’யிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமான மைக்ரோபயோட்டா குடற்குடி, டிஸ்பயோசிஸ் குடிகுலைவு. (முதலில் ‘குடிகேடு’ என்று எழுதியிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “யாரைத் திட்டுறீங்க?” என்றாள்.) அந்தக் கூட்டத்தின் பழைய பெயரான ‘ஃப்ளோரா’வை அப்படியே பெயர்த்துக் ‘குடல் தாவரங்கள்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். பாக்டீரியாவைச் செடிகொடிகளோடு சேர்த்த காலத்துச் சொல் அது, விட்டுவிடுவோம்.

குடியை ஏற்றால் மற்ற சொற்கள் தேடாமலே கிடைக்கின்றன. புதுக் கிருமியை அண்டவிடாத தன்மை குடியேற்றத் தடை. கொடையாளரின் மலத்தைச் செலுத்தும் சிகிச்சை மறுகுடியேற்றம். நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு மூக்கு வழியே குழாய் விட்டு மலக்கரைசலைச் சிறுகுடலில் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேருக்குத்தான். இதற்கு இப்போது புழங்கும் ‘மலமாற்று’ எனக்குப் பிடிக்கவில்லை. அருவருப்பினால் அல்ல. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்சூலில் மலம் இல்லை; அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா ஸ்போர்கள்தான், அதாவது உறக்கநிலையில் இருக்கும் வித்துகள். போய்ச் சேர வேண்டியது குடிகள்தானே?

மறுமொழி:

மறுகுடியேற்றம் அருமை. குலைவும் சரி. கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடலில் ஃபேகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற பாக்டீரியா குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. ‘குலைவு’ யார் மேலும் பழி போடாமல் நிலையை மட்டும் சொல்கிறது.

ஆனால் ‘குடற்குடி’யோடு நான் வெளிநோயாளர் பிரிவில் உட்கார முடியாது. “உங்க குடற்குடி பாதிச்சிருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். “சத்தியமா நான் குடிக்கிறதே இல்லை டாக்டர்” என்பார்; பக்கத்தில் நிற்கும் மனைவி அவரை ஒரு பார்வை பார்ப்பார்.

மறுமொழி:

மாட்டிக்கொண்டேன் அம்மா. ‘குடலுயிர்க்குடி’ என்று நீட்டிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. அப்புறம்தான் தோன்றியது, பன்மையாக்கினால் போதும்: குடற்குடிகள். மதுவைச் சொல்லும் குடிக்குப் பன்மை கிடையாது. மேலும், ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள், பெரும்பாலும் பெருங்குடலில். இத்தனை பேரை ஒருமையில் அழைப்பது மரியாதையாகவும் இல்லை.

குடிகுலைவுக்கு முன்னால் ‘குடல்’ வேண்டாம் என்று நினைக்கிறேன். வாயிலும் தோலிலும் இதே நிலை வருகிறது. தேவைப்படும் இடத்தில் ‘வாய்க் குடிகுலைவு’ என்று சேர்த்துக்கொள்ளலாம். மறுப்பு இல்லையென்றால் குடற்குடிகள், குடிகுலைவு, மறுகுடியேற்றம் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடட்டுமா? குடியேற்றத் தடையை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறேன். குடிவரவுத் துறை அறிவிப்பு மாதிரி இருக்கிறது.