மெயின்டனன்ஸ் நேரமே கிடையாத இடம்: மருத்துவமனை ஐடி ஆட்கள் அனுபவம் சொல்லுங்கள்

கன்சோல் காவலன்

மருத்துவமனை ஐடியில் இருப்பவர்கள் அவரவர் பட்ட பாட்டை எழுதுங்கள். ஹேக்கர் கதை எங்கும் கிடைக்கும். நான் கேட்பது வேறு. மற்ற அலுவலகங்களில் ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தி வேலை பார்க்கலாம். நமக்கு ஞாயிறும் இல்லை, ராத்திரியும் இல்லை. அடிபட்டு வருகிறவர் நம் மெயின்டனன்ஸ் நேரம் பார்த்தா வருவார்? இதற்கு நடுவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் சிடி ஸ்கேன் கன்சோலில் (ஸ்கேனரை இயக்கும் கணினியில்) இருப்பது விண்டோஸ் 7. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டது. ஸ்கேனர் நன்றாகத்தான் ஓடுகிறது, படம் பளிச்சென்று வருகிறது, ரேடியாலஜி டாக்டருக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் பல வருடம் உழைக்கப்போகிற இயந்திரத்தை, உள்ளே இருக்கும் விண்டோஸ் பழசு என்பதற்காக மாற்றச் சொன்னால் நிர்வாகம் சிரிக்கும். பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடலாமா என்று ஸ்கேனர் கம்பெனியைக் கேட்டால், "நாங்கள் சோதித்துத் தராத எதையும் போடாதீர்கள், போட்டால் சர்வீஸ் ஒப்பந்தம் செல்லாது" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கதிர்வீச்சு கொடுக்கிற கருவி அது. ஏதோ ஒரு அப்டேட்டால் அது தப்பாக நடந்துகொண்டால் யார் பதில் சொல்வது?

சரி, தொட முடியாததைத் தனியாக வைப்போம் என்று அதற்கென்று ஒரு விலான் (நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) பிரித்தோம். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வர், யாருக்கு என்ன ஸ்கேன் என்ற பட்டியல் தரும் ஒர்க்லிஸ்ட் சர்வர் என இரண்டோடு மட்டும்தான் அது பேசலாம். மருத்துவப் படங்கள் போய்வரும் டைகாம் போர்ட் தவிர எல்லாம் அடைப்பு. இன்டர்நெட் இல்லை, ஃபைல் ஷேரிங் இல்லை, பென்டிரைவும் இல்லை. அப்புறம் ஒருநாள் கேபிள் மாற்றப் போன பையன் மேஜைக்கு அடியில் வெல்க்ரோ போட்டு ஒட்டியிருந்த ஒரு குட்டிப் பெட்டியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். உள்ளே ஒரு சிம் கார்டு. தூரத்திலிருந்தே பழுது பார்க்க வசதியாகக் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன மோடம். நான் முன்வாசலில் பூட்டு மேல் பூட்டு போட்டுக்கொண்டிருக்க, கொல்லைக்கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது.

இப்போது அவர்கள் உள்ளே வர வேண்டுமானால் எங்கள் விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகத்தான். போன் செய்தால் திறப்போம், வேலை முடிந்ததும் மூடிவிடுவோம். இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

நைட்டூட்டி

காவலன் சார், இயந்திரத்தையாவது விலானில் போட்டு அடைத்துவிடலாம். மனிதர்களை என்ன செய்வது?

ஐசியுவில் ஒரு கணினியை ஷிஃப்டுக்கு ஏழெட்டுப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று தணிக்கையில் சொன்னார்கள், செய்தாயிற்று. கொஞ்ச நாளில் பார்த்தால் அந்த ஒரு கணினி மட்டும் பூட்டவே இல்லை. லாக் கோப்பை எவ்வளவு நோண்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். மவுஸைத் தூக்கி ஒரு பழைய கைக்கடிகாரத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். கீழே நொடிமுள் நகர நகர, மவுஸ் அசைவதாக நினைத்துக்கொண்டு கணினி விழித்தே கிடக்கிறது.

சீனியர் சிஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு கையிலும் கிளவுஸ் போட்டிருக்கேன் தம்பி. பேஷண்டுக்கு பிபி இறங்குது. அந்த நேரத்துல உங்க பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டை அடிச்சுட்டு இருக்கவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் விதியை மீறவில்லை, நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிதான் அவருடைய வேலையைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

பிறகு அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும் முறைக்குப் போனோம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒருமுறை பாஸ்வேர்டு, அதற்குப் பிறகு எந்தக் கணினியில் தட்டினாலும் விட்ட இடத்திலிருந்து அவரவர் திரை வந்துவிடும். பூட்டும் நேரத்தை முன்பைவிடக் குறைத்தும் யாரும் சண்டைக்கு வரவில்லை. கடிகாரம் தானாகக் காணாமல் போனது. எல்லோரும் சேர்ந்து பயன்படுத்திய பொது லாகின் போனதில் இன்னொரு நன்மை: எந்த மருந்தை யார் பதிவு செய்தார் என்பது இப்போதுதான் உண்மையாகத் தெரிகிறது.

ராக்ரூம்

பேட்ச் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 மே 12-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) வந்து பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகள் திணறியபோது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளால் வந்த வினை என்று எல்லோரும் பேசினார்கள். அங்கே அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு அதற்கு ஆதரவு இருந்தது, பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடத்தான் இல்லை. ஏன் போடவில்லை என்று வெளியாட்களுக்குப் புரியாது. எந்த வார்டை எப்போது ரீஸ்டார்ட் செய்வது என்ற பேச்சுவார்த்தையிலேயே வாரங்கள் ஓடிவிடும்.

நாங்கள் இப்போது வார்டு வார்டாகப் பிரித்துப் போடுகிறோம். ஒரு நர்ஸிங் ஸ்டேஷனில் இரண்டு கணினி இருந்தால் இரண்டையும் ஒரே இரவில் தொடுவதில்லை.

டேப்மாமா

பேக்கப் பற்றி யாரும் பேசவில்லையே. "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். திரும்பக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் அமைதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேக்ஸில் 40 டெராபைட் படம். லைன் ஒரு ஜிகாபிட். எந்தத் தடங்கலும் இல்லாமல் முழு வேகத்தில் ஓடினாலே மூன்றே முக்கால் நாள். நிஜத்தில் அந்த வேகம் யாருக்கும் கிடைக்காது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மருத்துவ இயக்குநரிடம் கொடுத்தபோதுதான் அவர் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அதனால் எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசையை டாக்டர்களை உட்காரவைத்தே எழுதினோம். முதலில் லாகின்களைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி, கணினிகளின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். அவை இல்லாமல் யாரும் லாகின் ஆகவே முடியாது. அடுத்து அட்மிஷன் பதிவும் நோயாளி எண்ணும், அப்புறம் லேப், ரத்த வங்கி, பார்மசி. பேக்ஸில் கடைசி சில மாதப் படங்கள் மட்டும் முதலில், பழையது மெதுவாக. பில்லிங் கடைசி. அக்கவுண்ட்ஸ்காரர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பேக்கப் சர்வரை டொமைனில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான லாகின் கட்டமைப்பில்) சேர்க்காதீர்கள். உள்ளே வருகிறவன் அட்மின் பாஸ்வேர்டு கிடைத்ததும் முதலில் தேடுவது அதைத்தான். அயர்லாந்தின் அரசு சுகாதாரச் சேவையான எச்எஸ்இ விவகாரத்தைப் படியுங்கள்: 2021 மார்ச்சில் ஒருவர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார், ரான்சம்வேர் வெடித்தது மே 14-ல். எட்டு வாரம் ஹேக்கர்கள் உள்ளேயே உலாவியிருக்கிறார்கள். பணம் கொடுக்காமலே பூட்டிய கோப்புகளைத் திறக்கும் திறவுகோல் கைக்கு வந்தும், எல்லா சர்வரையும் மீட்டு முடிக்க செப்டம்பர் ஆகிவிட்டது. "பணம் கட்டினால் மறுநாளே சரியாகிவிடும்" என்று நினைக்கும் நிர்வாகிகளிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கேஸ்ஷீட்

நான் ஐடி இல்லை, மருத்துவர். ஐடி குழுவோடு சேர்ந்து சிஸ்டம் இல்லாத நேர ஒத்திகை நடத்துகிறவள்.

முதல் ஒத்திகையில் தெரிந்த விஷயம்: இளம் டாக்டர்களில் பலர் காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதிப் பழகியதே இல்லை. திரையில் டோஸ் தானாக வரும், அலர்ஜி இருந்தால் சிவப்பாகக் காட்டும். தாளில் எதுவும் காட்டாது. ஒரு பையன் மருந்தின் பெயரை எழுதிவிட்டு மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று போடாமல் பேனாவை மூடிவிட்டான். பார்மசியில் இருந்த அம்மா சீட்டோடு நேரே வார்டுக்கு வந்துவிட்டார்.

2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் நாள் நினைவிருக்கும். தாக்குதலே இல்லை, அந்த நிறுவனத்துப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட். 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யும்போது, பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) பூட்டியவற்றுக்கு மீட்பு எண் வேண்டும். பல இடங்களில் அந்த எண்களை வைத்திருந்த சர்வரும் நீலத்திரை. அன்றிலிருந்து எங்கள் ஐடி மேலாளர் அந்தப் பட்டியலை அச்சடித்து சீல் வைத்த உறையில் பெட்டகத்தில் வைக்கிறார். பாதுகாப்பு ஆட்கள் முகம் சுளித்தார்கள். நான் அவர் பக்கம்.

ராக்ரூம்

வெளியாள் அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் லண்டனில் சின்னோவிஸ் என்ற லேப் நிறுவனம் ரான்சம்வேரால் அடிபட்டது. மருத்துவமனைகளின் சொந்த சர்வர்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ரத்த வகை பொருத்திப் பார்க்க வழக்கமான வேகம் இல்லாததால், பெரும்பாலோருக்குக் கொடுக்கக்கூடிய ஓ வகை ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வந்து, கொடையாளர்களை அழைக்க வேண்டியதாயிற்று. நம் ஃபயர்வாலை எவ்வளவு பளபளப்பாக வைத்திருந்து என்ன?

நைட்டூட்டி

கேஸ்ஷீட் மேடம், ஒரு சந்தேகம். சிஸ்டம் இல்லாதபோது வரும் புது நோயாளிக்கு எந்த எண் கொடுக்கிறீர்கள்? நாங்கள் இதில்தான் சிக்குகிறோம். திரும்ப ஏற்றும்போது ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு வந்துவிடுகிறது.

கேஸ்ஷீட்

தனி வரிசையில் எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, கைப்பட்டையோடு சேர்த்து அச்சடித்து, உறையில் போட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறோம். சிஸ்டம் வந்ததும் அந்த எண்ணை மாற்றுவதில்லை. பழைய பதிவு இருந்தால் அதோடு இணைப்பது மருத்துவ ஆவணப் பிரிவின் வேலை. இணைக்கும் முன் பெயர், பிறந்த தேதி, போன் எண் மூன்றையும் இரண்டு பேர் ஒத்துப் பார்ப்பார்கள். காகிதத்தில் எழுதிய எல்லாவற்றையும் டைப் அடிக்கச் சொல்லாதீர்கள் தம்பி, களைப்பில் தப்பு வரும். மருந்து, அலர்ஜி, லேப் முடிவு, இந்த மூன்றை மட்டும் அந்தந்த வார்டு நர்ஸ் ஏற்றுவார். மற்ற தாள்களை ஸ்கேன் செய்து கோப்போடு சேர்த்துவிடுகிறோம். உறையில் கைப்பட்டை தீர்ந்துவிட்டதா என்று மாதாமாதம் யாராவது ஒருவர் எண்ணிப் பாருங்கள், அதற்கும் ஒரு பெயர் போட்டுப் பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.