அப்டேட் போட்ட போன் லோகோவைத் தாண்டவில்லை, உள்ளே வாடிக்கையாளர்களின் அளவுகள் இருக்கின்றன, அவசர உதவி தேவை

புரசை தையலகம் | வியாழன், காலை 6:48

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு போனில் அப்டேட் போட்டேன். அதிலிருந்து கம்பெனி லோகோ வருவதும் மறைவதுமாக இருக்கிறதே தவிர, போன் உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்திற்கு ஆறு ஜாக்கெட்டுகள் கொடுக்க வேண்டும். அளவுகளைச் சீட்டில் குறித்துப் படம் எடுத்து அந்தப் போனில்தான் வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கடைத் தம்பி "வைப் டேட்டா" என்பதை அழுத்தினால் சரியாகிவிடும் என்கிறார். அழுத்தலாமா? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.

திருவான்மியூர் நிரலர் | காலை 6:55

அம்மா, அதை அழுத்தவே அழுத்தாதீர்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் நம் படங்களும் செய்திகளும் பூட்டுப் போட்ட நிலையில்தான் சேமிக்கப்படுகின்றன; "வைப் டேட்டா" கொடுத்தால் படங்களோடு அந்தப் பூட்டின் சாவியும் அழிந்துவிடும் என்பதால், பிறகு எந்தக் கடைக்காரராலும் எதையும் மீட்டுத் தர முடியாது. இப்போதைக்குப் போனில் அளவுகள் பத்திரமாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

போன் எந்த மாடல், எந்த ஆண்டு வாங்கியது, சேமிப்பிடம் எவ்வளவு காலியாக இருந்தது, அப்டேட் நடக்கும்போது சார்ஜரில் இருந்ததா, நடுவில் ஏதாவது பொத்தானை அழுத்தினீர்களா, கூகுள் கணக்கில் படங்கள் தானாக ஏறும்படி வைத்திருந்தீர்களா என்ற விவரங்களைச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் வாசி | காலை 7:03

இது பேட்டரிக் கோளாறுதான். பழைய பேட்டரியால் போன் எழும்பும் நேரத்தில் தேவைப்படும் மின்சாரத்தைத் தர முடிவதில்லை, அதனால் லோகோ வந்தவுடன் அணைந்துவிடுகிறது. என் வீட்டிலேயே இரண்டு போன்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியை மாற்றினால் போதும்.

கே.கே. நகர் மூத்தவர் | காலை 7:10

மாடல் இல்லை, ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லை, எந்தத் திரையில் நிற்கிறது என்ற விவரமும் இல்லை. அளவு கொடுக்காமல் துணியை மட்டும் கொடுத்துவிட்டு நாளைக்கு ஜாக்கெட் வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதையேதான் நானும் இங்கே பத்து ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கேள்வியை முழுமையாக எழுதிவிட்டு உதவி கேளுங்கள்.

புரசை தையலகம் | காலை 7:41

மன்னிக்க வேண்டும் ஐயா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். பெட்டியின் படத்தை இணைத்திருக்கிறேன், மாடல் எண் அதில் இருக்கிறது. 2021 தீபாவளிக்கு வாங்கியது, 64 ஜிபி. இடம் போதவில்லை என்ற செய்தி அடிக்கடி வரும். அப்டேட் கேட்கும்போதெல்லாம் ஒரு வருடத்துக்கு மேலாக "பிறகு" என்றே அழுத்தி வந்தேன். நேற்று பணம் வாங்கும் செயலி, போனின் பதிப்பு பழையது என்று திறக்க மறுத்ததால், சில வீடியோக்களை அழித்து இடம் உண்டாக்கி, இரவு பத்தரைக்குச் சார்ஜரில் போட்டு இன்ஸ்டால் கொடுத்தேன். பதினொன்றரைக்கு ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். லோகோ பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றதால் பயந்து பவர் பொத்தானைப் பல முறை அழுத்தினேன். என் மகனும் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் இப்படி. கூகுளில் ஏறியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

திருவான்மியூர் நிரலர் | காலை 8:02

முழு விவரத்துக்கு நன்றி. நீங்கள் பயந்ததில் வியப்பில்லை. அப்டேட்டுக்குப் பிறகு முதல்முறை போன் எழும்பும்போது ஒவ்வொரு செயலியையும் புதிய அமைப்புக்கு ஏற்றபடி மறுபடி ஆயத்தம் செய்கிறது. 64 ஜிபி நிறைந்த போனில் அதற்குக் கால் மணி நேரமோ இன்னும் கூடவோ ஆகலாம். திரையில் அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் பொத்தானைத் தொட்டிருக்கமாட்டீர்கள். சொல்லாமல் விட்டது போன் செய்தவர்களின் குறை.

படத்தில் உள்ள மாடல் ஆண்ட்ராய்டு 11 உடன் வந்தது, இரட்டை ஸ்லாட் முறையில் அப்டேட் ஆகும் வகை. கூகுள் 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் கொண்டுவந்த முறை இது. நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய அமைப்பு, பழைய அமைப்பைத் தொடாமல், அதன் பக்கத்தில் தனியாக எழுதப்படுகிறது. எழுதி முடித்ததும் அது உற்பத்தியாளரின் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போது போன் பழையதை விட்டுப் புதியதிலிருந்து எழும்பப் பார்க்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குள் எழும்ப முடியாவிட்டால், தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். உங்கள் படங்கள் இருக்கும் பகுதி இந்த இரண்டிலும் சேராதது. அதனால்தான் அப்டேட் தோற்றாலும் படங்கள் போவதில்லை, பதறிப்போய்க் கொடுக்கும் ஃபேக்டரி ரீசெட்டில்தான், அதாவது அந்த "வைப் டேட்டா"வில்தான் போகின்றன.

ஆனால் இரவு முழுவதும் லோகோவிலேயே சுற்றியிருந்தால் இந்நேரம் பழையதுக்குத் திரும்பி எழும்பியிருக்க வேண்டுமே என்பது எனக்கு இடிக்கிறது. புதியதும் பழையதும் ஒரேமாதிரி தோற்கின்றன என்றால் காரணம் மென்பொருளுக்கு வெளியே இருக்கலாம்.

வண்ணை வாசகர் | காலை 8:15

இதற்குத்தான் அப்டேட்டே போடக்கூடாது என்கிறேன். நன்றாக ஓடும் போனை அப்டேட் கொடுத்து மெதுவாக்கி, புதிய போன் வாங்க வைப்பதுதான் இவர்கள் வியாபாரம். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஒப்புக்கொண்டதே, அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கே.கே. நகர் மூத்தவர் | காலை 8:24

பாதியை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறீர்கள். தேய்ந்த பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில் வேகத்துக்கு வரம்பு வைத்தார்கள். வாங்கியவர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் செய்தது பெரிய தவறு, அதற்குப் பல கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்கவும் நேர்ந்தது. ஆனால் 2018இல் 11.3 பதிப்பில் பேட்டரியின் நிலையைக் காட்டி, அந்த வரம்பை நீக்கிக்கொள்ளும் வசதியைத் தந்ததும் ஓர் அப்டேட்தான்.

அப்டேட் போடாததன் விலை என்ன என்பதற்கும் அதே 2017தான் சாட்சி. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக மே 12 அன்று பரவியது. நடுவில் 59 நாட்கள் இருந்தும் போடாமல் வைத்திருந்த கணினிகள்தான் பெரும்பாலும் அதில் மாட்டின; பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பேட்ச் வெளிவந்த நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது என்ற அடிப்படையைப் புரிந்துகொண்டு பேசுங்கள்.

அம்பத்தூர் வாசி | காலை 8:30

ஐபோன் விவகாரத்திலும் மூலகாரணம் பேட்டரிதான் என்பதைக் கவனியுங்கள்.

வண்ணை வாசகர் | காலை 8:37

அடிப்படை எனக்கும் தெரியும், ஐயா. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றனவே, அது திருடன் செய்ததா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட் செய்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று அதை வாங்காமல் இருந்தவர்களின் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

திருவான்மியூர் நிரலர் | காலை 8:52

உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. நானும் அப்டேட் எழுதி அனுப்பும் வேலையில் இருப்பவன் என்பதால் அந்த நாளை மறக்கமாட்டேன். அன்றைய தவறு, பிழையுள்ள ஒரு கோப்பைச் சிறு குழுவுக்கு அனுப்பிச் சோதிக்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. போன் அப்டேட்டுகளைப் பெரும்பாலும் அப்படி அனுப்புவதில்லை. முதலில் மிகச் சிலருக்கு அனுப்பி, அவர்களிடம் கோளாறு வரவில்லை என்று பார்த்த பிறகே பகுதி பகுதியாக மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். உங்கள் அண்ணன் போனுக்கு வந்த அப்டேட் உங்கள் போனுக்கு ஒரு வாரம் கழித்து வருவது அதனால்தான்.

ஆகவே பெரிய பதிப்பு மாற்றத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் பேட்ச் வேறு கணக்கு. 2015இல் ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போனைக் கைப்பற்றக்கூடிய ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியானது. அதன் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பேட்ச் வெளியிடத் தொடங்கியது. அந்த அம்மா பணம் வாங்குவதும் அந்தப் போனில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை பணிமனை | காலை 9:05

ஐபோன் கதையும் விமான நிலையக் கதையும் இருக்கட்டும், அந்த அம்மா காத்திருக்கிறார். அம்மா, எனக்கு நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். போனை அணைத்து வைக்க முடிகிறதா, அல்லது அணைந்ததும் நீங்கள் தொடாமலேயே தானாக எழும்புகிறதா? லோகோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் நின்றுதான் மறைகிறதா? பவர் பொத்தானை விரலால் தடவினால் மேலே நிற்கிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா? கவர் போட்டிருக்கிறீர்களா?

புரசை தையலகம் | காலை 9:19

அணைத்து வைக்க முடியவில்லை, தானாகவே எழும்புகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் ஏழெட்டு எண்ணுவதற்குள் மறைகிறது. சிலிகான் கவர். பொத்தான் ஒரு பக்கம் கொஞ்சம் உள்ளே இருப்பதுபோல் தெரிகிறது. சத்தத்தைக் கூட்டும் பொத்தான் அழுத்தினால் 'டிக்' என்கிறது, இது அப்படிச் சொல்லவில்லை.

சிந்தாதிரிப்பேட்டை பணிமனை | காலை 9:31

அப்படியென்றால் உங்கள் பவர் பொத்தான் அமுங்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. பவர் பொத்தானை விடாமல் சில நொடிகள் அழுத்திக்கொண்டிருந்தால் போன் கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் செய்திருக்கிறார்கள். பொத்தான் சிக்கியிருப்பதால், யாரோ இரவெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று போன் நினைக்கிறது. இரவு நீங்களும் மகனும் அழுத்திய வேகத்தில் அது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். தையற்கடைப் போன்கள் எங்களிடம் வரும்போது கவருக்குள் மார்க்கிங் சாக் பொடியும் நூல் பிசிறும் அடை அடையாக இருக்கும், பொத்தானின் ஓரத்தில் அது இறுகிவிடும்.

கவரைக் கழற்றுங்கள். உலர்ந்த, மென்மையான பல்துலக்கியால் பொத்தானின் ஓரத்தைச் சுற்றித் தேய்த்துவிட்டு, நகத்தால் பொத்தானின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தி விடுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதுவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வெளியே வரவில்லை என்றால் ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் செய்து தருவார்கள், சின்ன வேலைதான். எடுத்தவுடனே சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் போனைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அம்பத்தூர் வாசி | காலை 9:40

பொத்தானைச் சரிசெய்யும்போது பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2021இல் வாங்கியது என்றால் நிச்சயம் தேய்ந்திருக்கும்.

புரசை தையலகம் | வெள்ளி, மாலை 5:20

போன் வந்துவிட்டது. வீட்டில் தேய்த்தும் பொத்தான் வெளியே வராததால் ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். பொத்தானுக்கு அடியில் நீல சாக் பொடி இருந்தது. எல்லா அளவுகளும் இருக்கின்றன. ஆனால் போன் பழைய பதிப்பையே காட்டுகிறது, மறுபடியும் அப்டேட் கேட்கிறது. திரும்பப் போடலாமா? தையல் இருக்கிறது, பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

திருவான்மியூர் நிரலர் | மாலை 5:46

மிகவும் மகிழ்ச்சி, அம்மா. பழைய பதிப்பு காட்டுவதற்குக் காரணம், புதிய அமைப்பில் எழும்பும் முயற்சிகள் பொத்தானால் ஒவ்வொன்றாக வீணாகி, எண்ணிக்கை தீர்ந்ததும் போன் பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிட்டது. பொத்தான் விடுபடும்வரை அதிலும் எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்டேட்டைத் திரும்பப் போடத்தான் வேண்டும், இன்று மட்டும் வேண்டாம். முதலில் அந்த ஆறு ஜாக்கெட்டுகளின் அளவுகளையும் தாளில் எழுதிவையுங்கள். பிறகு மகனிடம் சொல்லி எல்லாச் சீட்டுப் படங்களையும் ஒரு கணினியிலோ கூகுள் கணக்கிலோ ஏற்றிவிட்டு, அவை உண்மையிலேயே அங்கே திறக்கின்றனவா என்று நான்கைந்தைத் திறந்து பாருங்கள். ஏறியவற்றில் பழையதை நீக்கிச் சில ஜிபி இடம் உண்டாக்குங்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு ஓர் இரவு சார்ஜரில் போட்டு இன்ஸ்டால் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். லோகோ எவ்வளவு நேரம் நின்றாலும் காலைவரை பொத்தானைத் தொடாதீர்கள். போன் எழும்பிய பிறகு ஓரிரு நாள் சூடாகவும் மெதுவாகவும் இருக்கும், உள்ளே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

கே.கே. நகர் மூத்தவர் | மாலை 6:10

அப்டேட் முடிந்ததும் செட்டிங்ஸில் "அபௌட் போன்" பகுதிக்குள் போய், பாதுகாப்புப் பேட்சின் தேதியைப் பார்த்து இங்கே எழுதுங்கள். அந்தத் தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் மாடலுக்கு நிறுவனம் பேட்ச் தருவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பணம் வாங்குவதை மட்டுமாவது வேறு போனுக்கு மாற்றிவிடுவது நல்லது.

சிந்தாதிரிப்பேட்டை பணிமனை | செவ்வாய், காலை 10:15

அம்மா, அப்டேட் போட்டீர்களா? பொத்தான் இப்போது 'டிக்' என்கிறதா?