602 மில்லியன் வெள்ளி ‘சும்மா’ வந்ததா?

பத்துமலை_செல்வா: 2026 காமன்வெல்த் போட்டிய நடத்தச் சொல்லி நம்ம மலேசியாவுக்கு காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு 10 கோடி பவுண்டு, நம்ம கணக்குல 602 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்), சும்மா நீட்டினாங்களாம். 2024 மார்ச்சுல வேண்டாம்னு சொன்ன நம்ம தலைவர்களுக்குத் துணிச்சல் இல்லையாம். குமரன் எழுதியிருக்கார். எதுங்க சும்மா? மீதிச் செலவு யாரு தலையில? முதல்ல நடத்த ஒத்துக்கிட்ட விக்டோரியா மாநிலம் 2.6 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர்னு கணக்குப் போட்டு, 6 பில்லியனைத் தாண்டும்னு தெரிஞ்சதும் 2023 ஜூலையில கழண்டுகிச்சு.

ஜார்ஜ்டவுன்_குமரன்: திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு சும்மாதான். விக்டோரியா கட்டின 380 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈட்டுல இருந்து வந்தது. அதை வச்சுத்தானே கிளாஸ்கோ நடத்துது? 10 விளையாட்டு, நாலே இடம். 98ல கோலாலம்பூர்ல நாம நடத்தின காமன்வெல்த் போட்டிக்குக் கட்டின புக்கிட் ஜாலில் அரங்கம் இன்னும் நிக்குது.

பத்துமலை_செல்வா: அந்தப் பத்துல பூப்பந்து இருக்கா? ஹாக்கி? ஸ்குவாஷ்? உங்க ஊர் நிக்கோல் டேவிட் 2010லயும் 2014லயும் தங்கம் எடுத்த ஸ்குவாஷ் ஆட்டத்தையே தூக்கிட்டாங்க.

ஜார்ஜ்டவுன்_குமரன்: நாம நடத்தியிருந்தா நாமதானே பட்டியல் போட்டிருப்போம்! தடகளமும் நீச்சலும்தான் கட்டாயம்.

செந்தூல்_மீனா: வீரர்களை எங்க தங்க வைப்பீங்க? 98ல கட்டின வீரர் கிராமம் இப்ப விஸ்டா கோமன்வெல்ங்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனியில துணி காயுது.

ஜார்ஜ்டவுன்_குமரன்: ஹோட்டல்ல. 2017 சீ போட்டிக்கு (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) அப்படித்தானே செஞ்சோம்?

பத்துமலை_செல்வா: இதைத்தான் எதிர்பார்த்தேன். சீ போட்டி முடிஞ்ச பிறகுதான் மாற்றுத்திறனாளர் போட்டி தனியா நடக்கும். காமன்வெல்த்ல ரெண்டும் ஒரே நாள்கள்ல, ஒரே பதக்கப் பட்டியல்ல. சக்கர நாற்காலிக்குக் கதவு 80 சென்டிமீட்டராவது அகலமா இருக்கணும். சாதாரண ஹோட்டல் குளியலறைக் கதவு 70, கீழ படி வேற. சுவரை இடிச்சா ஓடு உடையும், நீர்க்காப்புப் பூச்சு கிழியும், கீழ் அறைக் கூரையில ஒழுகும். பஸ்ல ஒரு சக்கர நாற்காலி மூணு நாலு இருக்கையைத் தின்னுடும், அப்ப பஸ்ஸும் கூடும். இதெல்லாம் சும்மா வருமா?

ஜார்ஜ்டவுன்_குமரன்: குளியலறைக் கதவுக்காகத்தான் போட்டியை விட்டோமா? பிரமாதம்.

செந்தூல்_மீனா: கதவுதானேன்னு கேலி பண்ணாதீங்க. உள்ள போக முடியாதவங்ககிட்ட சொல்லிப் பாருங்க.

ஜார்ஜ்டவுன்_குமரன்: நான் எப்பக்கா கேலி பண்ணேன்? செல்வா அண்ணன்தான் பேச்சை மாத்துறாரு. சுக்மா (மலேசிய மாநிலங்களுக்கிடையிலான போட்டி) விவாதத்துலயும் இதே கதைதான்.

பத்துமலை_செல்வா: சுக்மாவுல நான் சொன்னதுதான் சரி, அதை இங்க இழுக்காதீங்க. கட்ட நேரமும் இல்ல. முடிவு எடுத்தது 2024 மார்ச், போட்டி 2026 ஜூலை. 28 மாசம். சாதாரணமா ஏழு வருஷம் முன்னாடியே கொடுப்பாங்க.

கிள்ளான்_ராஜா: 2030 போட்டியும் இந்தியாவின் அகமதாபாத்துக்குப் போயாச்சு. பசியாறிட்டு வாங்கப்பா.

பத்துமலை_செல்வா: நீங்க போய்ப் பசியாறுங்க ராஜா. குமரன், நாலாவது தடவையா கேக்கிறேன்: மீதி யாரு போடுவா?

ஜார்ஜ்டவுன்_குமரன்: நாலாவது இல்ல, ரெண்டாவது. 602ஐ முதல்ல வாங்கிட்டு அப்புறம் கேளுங்க.

பத்துமலை_செல்வா: எண்ணக்கூடத் தெரியல, இவர் பட்ஜெட் போடுறாராம்.