கண்டியூர் வீட்டுக் குழு: ஏழூர்ப் பல்லக்குக்கு முந்தின வாரம்

ஞாயிறு, காலை

தேவி சித்தி: *முன்னனுப்பியது:* திருவையாறு கோயில் ஏழூர்ப் பல்லக்கு இந்த வருஷம் கண்டியூர்ல தெருவுக்குள்ள வராதாம். வடிகால் வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கறதால மெயின் ரோட்டோடயே பூந்துருத்தி போயிடுமாம். எல்லாருக்கும் சொல்லவும் 🙏

தேவி சித்தி: நெசமா அத்தான்?

முரளி: எங்கேர்ந்து வந்துச்சும்மா இது

தேவி சித்தி: நம்ம அபார்ட்மெண்ட் குரூப்ல

முரளி: தஞ்சாவூர் அபார்ட்மெண்ட்ல இருக்கவங்களுக்குக் கண்டியூர் வடிகால் எப்படித் தெரியும்

சாந்தி அத்தை: ஐயோ. வீட்டு வாசல்ல தீபாராதனை கிடையாதா அப்ப?

கார்த்தி அண்ணன் (தோஹா): அப்பா தெருவுலதான இருக்காங்க. அவங்களக் கேளுங்க

சாந்தி அத்தை: அண்ணே

சாந்தி அத்தை: அண்ணே பாத்தா பதில் போடுங்க

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். இப்போதுதான் கோயிலுக்கு நேரில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன். தோண்டியது உண்மை. ஆனால் அது கீழண்டைப் பக்கம் மட்டும். நம் வீட்டு வாசல் பக்கம் ஒரு கல்கூடப் பெயரவில்லை. பல்லக்கு வழக்கம்போல் நம் தெருவுக்குள் வரும் என்று குருக்களே சொல்லிவிட்டார். ஆகையால் யாரும் புரளியை நம்ப வேண்டாம். சென்ற வருடம் தம்பி (பவி அப்பா) போன துக்கத்தில் நாம் எதுவும் செய்யவில்லை. வாசல் விளக்குகூட ஏற்றவில்லை. இப்போது தலைதிவசம் முடிந்துவிட்டது. ஆகையால் இந்த வருடம் பழையபடி வாசலில் நீர்மோர்ப் பந்தலும் சாத விநியோகமும் கட்டாயம் நடக்க வேண்டும். உங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி அடுப்படியில் நிற்க முடியாத நிலை. அதனால் எல்லோரும் கலந்து பேசி இன்று இரவுக்குள் ஒரு முடிவு சொல்லவும்.

முரளி: 👍

சுதா அக்கா: சரிப்பா

சித்தப்பா: 👍

கார்த்தி அண்ணன்: சித்தப்பா குரூப்ல கட்டைவிரல் போட்டுட்டாரு!! எத்தன மாசத்துக்கப்பறம்

தேவி சித்தி: கார்த்தி சும்மா இரு

அம்மா: அத்தான், புளிசாதம் நான் கிளறிடறேன். அவர் பண்ற மாதிரி வராது. ஆனா பக்குவம் தெரியும்.

சாந்தி அத்தை: அண்ணி 😢

சுதா அக்கா: பெரிய சித்தப்பா வச்ச புளிக்காய்ச்சல் வாசனை பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும் சித்தி

சுதா அத்தான்: வணக்கம் மாமா. கேட்டரிங்ல சொல்லிடலாமே. தஞ்சாவூர்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. தக்காளி சாதம், தயிர்சாதம் பொட்டலமாவே குடுத்துருவாரு

முரளி: அத்தான் நீங்க சொல்றது நல்ல ஐடியா. ஆனா சொன்ன எடம் தப்பு

பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வது வசதிதான், மறுக்கவில்லை. இருந்தாலும் இந்த விழா எதற்காக என்று இளைய பிள்ளைகள் தெரிந்துகொண்டால் நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும். பங்குனி புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். பிள்ளை வீட்டுக்காரர் திருவையாற்றில் இருக்கும் நம் ஐயாறப்பர். கல்யாணத்துக்குச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் கொடுத்து உதவின. திருப்பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதியர்கள், நம் கண்டியூரிலிருந்து நகைகள், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானத்திலிருந்து நெய். கல்யாணம் முடிந்தபின் சித்திரை விசாகத்தை ஒட்டி ஐயாறப்பரே அறம்வளர்த்த நாயகியோடு கண்ணாடிப் பல்லக்கில் ஏறி, புதுமணத் தம்பதியை வெட்டிவேர்ப் பல்லக்கில் அழைத்துக்கொண்டு, ஒத்தாசை செய்த ஒவ்வொரு ஊருக்கும் தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அப்படி வருகிறவருக்கும் கூட நடக்கிற ஜனங்களுக்கும் வாசலில் நின்று நம் கையால் கொடுக்க வேண்டாமா?

முரளி: பெரியப்பா ஒரு சந்தேகம்

முரளி: கண்டியூர் குடுத்தது நகைன்னா நாம எதுக்குப் புளிசாதம் போடறோம். தெருவுல ஆளுக்கு ஒரு மோதிரம்ல போடணும்

கார்த்தி அண்ணன்: 😂😂

தேவி சித்தி: முரளி!!

சுதா அத்தான்: மாமா எங்க ஐயம்பேட்டையிலயும் ஏழூர் உண்டு. சக்கரப்பள்ளி சப்தஸ்தானம். அரியமங்கை, சூலமங்கலம், நந்திமங்கை, பசுமங்கை, தாழமங்கை, புள்ளமங்கை. எங்க பல்லக்கப் பாத்தீங்கன்னா அலங்காரம் பிரமாதமா இருக்கும்

முரளி: ஆரம்பிச்சுட்டாரு

சுதா அக்கா: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே சண்டை 🤦

பெரியப்பா: சக்கரப்பள்ளியும் பெருமை வாய்ந்ததே. கும்பகோணத்திலும் மாயவரத்திலும்கூடச் சப்தஸ்தானம் உண்டு. ஒருவரோடு ஒருவர் போட்டி வேண்டாம்.

கார்த்தி அண்ணன்: அத்தான், அப்பாவே சமாதானம் பண்ணிட்டாரு. ஒத்துக்கங்க

ஞாயிறு, மதியம்

நான் (பவி): பெரியப்பா எத்தன பேருக்குச் செய்யணும்? அம்மா கேக்கறாங்க

பெரியப்பா: இதற்கு முன்பு செய்ததைச் சொல்கிறேன். புளிசாதத்துக்கு ஒரு சிப்பம் அரிசி, அதாவது 25 கிலோ. தொன்னையில் வைத்தால் இருநூறுக்குக் குறையாது. தயிர்சாதம் அதில் பாதி. நீர்மோர் கணக்கில்லை, பானை காலியாகக் காலியாக ஊற்றியபடி இருந்தோம். பல்லக்குத் தூக்கும் சீர்பாதம் தாங்கிகளுக்குத் தனியாகப் பானகம். அவர்கள் விடியற்காலையில் ஐயாற்றில் தூக்கியது, பழனத்தில் இறங்கி, ஆற்று மணலில் கால் புதைய நடந்து, சோற்றுத்துறை, வேதிகுடி முடித்து நம்மிடம் வரும்போது தோள் வீங்கியிருக்கும். அவர்களுக்குத்தான் முதலில். இதில் மாற்றம் இல்லை.

தேவி சித்தி: ஆத்துல இப்ப தண்ணி இருக்கா அத்தான்?

பெரியப்பா: சித்திரையில் ஏதம்மா தண்ணீர். மேட்டூர் திறப்பது ஜூன் 12. அதுவும் அணையில் இருந்தால். இப்போது கொள்ளை மணல்தான்.

அம்மா: அரிசி பழைய பொன்னிப் பச்சரிசியா வாங்குங்க. புதுசு குழைஞ்சுடும். புளிக்காய்ச்சல் முதல்நாளே வச்சிடணும், நல்லெண்ணெய் மேல மிதக்கற வரைக்கும் கொதிக்கணும். வெந்தயம் கறுக்காம வறுத்துக் கடைசியாத்தான் பொடி போடணும். சாதத்தைப் பாயில துணி விரிச்சுக் கொட்டி நல்லா ஆறவச்சு அப்பறம் கிளறணும். சூட்டோட கிளறினா கூழாயிடும்.

சாந்தி அத்தை: அண்ணி தயிர்சாதம் இந்த வெயிலுக்கு சாயந்தரத்துக்குள்ள புளிச்சுடுமே

அம்மா: பால் ஊத்திப் பெசஞ்சிடலாம் சாந்தி. உறைமோர் ஒரு கரண்டி போதும். குடுக்கற நேரத்துக்கு சரியா இருக்கும்.

சுதா அக்கா: சித்தி இத எழுதி பின் பண்ணி வைங்க யாராவது

முரளி: பெரியப்பாதான் அட்மின்

பெரியப்பா: பின் என்றால் என்ன?

கார்த்தி அண்ணன்: விடுங்கப்பா

அம்மா: இருபத்தஞ்சு கிலோவுக்கு ஏத்த பாத்திரம் எங்க இருக்கு? அந்தப் பெரிய அண்டா வேணுமே

*(அஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் போடல)*

முரளி: 🤐

கார்த்தி அண்ணன்: அண்டா மேட்டர் வந்துருச்சு

சாந்தி அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சாந்தி அத்தை: அது அம்மா என் கல்யாணத்துக்குக் குடுத்தது. எல்லாருக்கும் தெரியும்.

பெரியப்பா: சாந்தி, உன்னை யாரும் குறை சொல்லவில்லை. அம்மா உனக்குக் கொடுத்ததுதான். ஆனால் ஏழூருக்கு மட்டும் வீட்டுக்கு வரவேண்டும் என்றும் அம்மா சொல்லியிருந்தார்கள். நீயும் அப்போது அங்கேதான் நின்றாய்.

சாந்தி அத்தை: சொன்னாங்கதான். குடுத்தனுப்பினப்ப திரும்பி வரும்போது ஒரு வளையம் இல்லாம வந்துச்சு. அத யாரும் பேசறதில்ல

தேவி சித்தி: அக்கா அது நாங்க இல்ல, வேன்காரன்

சாந்தி அத்தை: நான் யாருன்னு சொன்னேனா தேவி

சித்தப்பா: சாந்தி. வளையம் நான் போட்டுத் தரேன். பாத்திரக்கடைல சொல்லியாச்சுன்னு வச்சுக்க.

நான்: சித்தப்பா ❤️

முரளி: அப்பா டைப் பண்ணினாரு!! நான் பக்கத்துலதான் இருக்கேன், கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு

சித்தப்பா: முரளி போன வை

பெரியப்பா: தம்பி, நீயும் அன்றைக்கு வருகிறாய்தானே? கொல்லைத் தகராறு கொல்லையோடு இருக்கட்டும். வாசலுக்கு வா.

*(சித்தப்பா பாத்துட்டாரு, நீல டிக் வந்துருச்சு)*

ஞாயிறு, இரவு

கார்த்தி அண்ணன்: பேச்சு வாக்குல கேக்கறேன். யாராவது மே மாசம் தோஹா வர்றவங்க இருந்தா ஐயாத்துல அசோகா வாங்கிக் குடுத்து விடுங்க

சுதா அக்கா: அதான் பாசிப்பருப்பும் கோதுமை மாவும் அங்கயே கெடைக்குமேடா, கிண்டிக்க

கார்த்தி அண்ணன்: கிண்டினேன்க்கா. பருப்பு அல்வா மாதிரி வந்துச்சு

அம்மா: நெய் பயந்துக்கிட்டு ஊத்தியிருப்ப

தேவி சித்தி: பவி, நீ இந்த வருஷம் திருமழபாடி போயிருந்தியே. நந்தி கல்யாணம் பாத்தா முந்திக் கல்யாணம்னு சொல்வாங்க. ஏதாவது தகஞ்சுதா?

நான்: சித்தி இது பல்லக்கு குரூப்

சாந்தி அத்தை: கும்பகோணத்துல ஒரு எடம் இருக்கு தேவி. பையன் பேங்க்ல. நாளைக்குப் பேசறேன்

நான்: அத்தை அண்டாவப் பத்திப் பேசிட்டு இருந்தோம்

முரளி: அண்டாவும் மாப்பிள்ளையும் ஒரே வேன்ல வந்துரும் பவி

சாந்தி அத்தை: *குரல் செய்தி, 1:52*

கார்த்தி அண்ணன்: கேக்க நேரமில்ல, யாராவது சுருக்கமா

சுதா அக்கா: அண்டா தருவாங்களாம். ஆனா அவங்களே கூட வருவாங்களாம். வேன்ல தனியா அனுப்ப மாட்டாங்களாம். அப்பறம் முழங்கால் எண்ணெய் பத்தி ஒரு நிமிஷம்

பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி. சாந்தி வந்தால் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும். மறுநாள் திருவையாற்றில் பொம்மை பூப்போடுவதைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று. குழந்தைகளையும் கூட்டிப் போகலாம்.

சுதா அக்கா: அப்பா நம்ம தியா போன வாரம்தான் கேட்டா, பொம்மை எப்படி தானா பூப்போடும்னு

சுதா அத்தான்: பாத்துட்டு நாலு நாள் தூங்க மாட்டா. ஆனா கூட்டிப் போகணும். நானும் சின்னப் புள்ளைல எங்க மாமா தோள்ல ஒக்காந்து பாத்தது. அந்தக் கூட்டத்துல பொம்மை குனிஞ்சு பல்லக்கு மேல பூவக் கொட்டும்போது எல்லாரும் ஒரே நேரத்துல சத்தம் போடுவாங்க பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு

முரளி: அத்தான் ஐயம்பேட்டைய விட்டுக் குடுத்துட்டாரு

சுதா அத்தான்: பூப்போடறதுக்கு மட்டும்தான் முரளி

தேவி சித்தி: தில்லைஸ்தானம் வாணவேடிக்கைய விட்டுட்டீங்களே. ஏழு பல்லக்கும் ஒண்ணா நிக்கறத மணல்ல ஒக்காந்து பாக்கணும். அங்க வேர்க்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, பஞ்சு மிட்டாய், பஜ்ஜின்னு வழி நெடுகக் கடை. வீட்டுல சாதம் வாங்கிக்கிட்டு அங்க போயித் தின்னதெல்லாம் உண்டு

கார்த்தி அண்ணன்: சித்தி நிறுத்துங்க. இங்க மணி ஏழு, குப்பூஸ் தின்னுட்டு இருக்கேன்

அம்மா: அவரும் அப்படித்தான். எல்லாருக்கும் குடுத்து முடிச்சுட்டு, அண்டா அடியில ஒட்டினத சொரண்டி தொன்னைல எடுத்துக்கிட்டு பல்லக்குப் பின்னாடியே நடந்துடுவாரு. தில்லைஸ்தானம் போயிட்டு விடிஞ்சுதான் வருவாரு. கேட்டா கொண்டுவிட்டுட்டு வந்தேன்பாரு.

சாந்தி அத்தை: சின்னண்ணன் அப்படித்தான் அண்ணி

பெரியப்பா: இந்த வருடம் தம்பிக்குப் பதிலாக யாராவது ஒருவர் நடக்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, பூந்துருத்தி வரை போவேன்.

நான்: நான் நடக்கறேன் பெரியப்பா

முரளி: நானும். அன்னிக்கு சென்னை மேட்ச் இருக்கு, பரவால்ல

கார்த்தி அண்ணன்: முரளி மேட்ச விட்டுட்டான். குறிச்சு வைங்க

சித்தப்பா: நானும் வரேன். நடக்க மட்டும். கண்டியூர்ல ஏறிக்கறேன்.

தேவி சித்தி: வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் மோர் குடிச்சுட்டு நடந்தா என்ன

சித்தப்பா: பாக்கலாம்

பெரியப்பா: பெரியம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறாள்: "வராம இருந்துபாரு, நொண்டிக்கிட்டே தஞ்சாவூர் வருவேன்."

சித்தப்பா: அண்ணிகிட்ட சரின்னு சொல்லுங்க அண்ணே

பெரியப்பா: நல்லது. இப்போது பொறுப்புகள். அரிசி, தொன்னை: முரளி. புளிசாதம்: பவி அம்மா. தயிர்சாதம்: தேவி. அண்டா: சாந்தி. விறகடுப்பா, கேஸ் அடுப்பா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பந்தல் கீற்றுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், வருவானா தெரியாது. பல்லக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்காதீர்கள். அது வேதிகுடியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செலவு வீட்டுக்கு ஆயிரம்.

சுதா அத்தான்: மாமா நாங்க ரெண்டாயிரம். பானகம் எங்களோடது

கார்த்தி அண்ணன்: நான் அனுப்பிட்டேன் அப்பா. ஜிபேல பாருங்க

பெரியப்பா: வரவில்லை.

கார்த்தி அண்ணன்: வந்துருக்கும். மேல இழுத்துப் பாருங்க

சாந்தி அத்தை: விறகுதான் அண்ணே. கேஸ்ல அந்த அண்டா நிக்காது

அம்மா: கேஸ்தான் நல்லது அத்தான். வெயில்ல பொகையில யாரு நிக்கறது

தேவி சித்தி: ஆமா அக்கா சொல்றதுதான் சரி

சாந்தி அத்தை: அண்டா என்னோடது

முரளி: 🍿

கார்த்தி அண்ணன்: அடுப்ப நேர்ல பேசிக்கங்க. தீபாராதனை நேரத்துல எனக்கு வீடியோ கால் போடுங்க, அது போதும். அப்பா போன்லேர்ந்து மட்டும் வேணாம், அவரு கட்டைவிரல்தான் தெரியும்

பெரியப்பா: 👍