"பாடத்திட்டம் தயார், மாணவர்களை மட்டும் அனுப்புங்கள்": இணையவழிக் கூட்டு வகுப்பில் உங்கள் அனுபவம் என்ன?

வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணையத்தில் வகுப்பு நடத்தியவர்களும் படித்தவர்களும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் துறைக்கு வந்த முதல் மின்னஞ்சலிலேயே பாடத்திட்டம் இருந்தது. வாரத் தலைப்புகள், வாசிப்புப் பட்டியல், மதிப்பெண் பங்கீடு எல்லாம் முடிவாகியிருந்தன. எங்களிடம் கேட்டது மாணவர்களை, அப்புறம் 'உள்ளூர் உதாரணங்களை'. பாடம் பருவநிலை மாற்றம் பற்றியது. வெள்ளத்தையும் வறட்சியையும் நேரில் பார்த்து ஆண்டுக்கணக்கில் எழுதிவரும் எங்கள் பக்கத்து ஆய்வாளர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தரவாகக் கொடுக்க வேண்டும், அதற்கு விளக்கம் வேறு இடத்திலிருந்து வரும். கச்சாப் பொருள் இங்கே, ஆலை அங்கே என்று காலனிய ஆட்சி பிரித்துவைத்த அதே ஏற்பாடுதான் இது.

பாடத்திட்டத்தை அனுப்பிய அந்த வெளிநாட்டுப் பேராசிரியர் நல்லவர். நாங்கள் சொன்னதும் சில வாசிப்புகளை மாற்றினார். ஆனால் மதிப்பீட்டு முறையைத் தொட முடியவில்லை. அவர் பல்கலையில் ஒப்புதல் ஆகிவிட்டதாம். விளைவு, ஒரே வேலையைச் செய்த இரு குழுக்களில் அவர்கள் மாணவர்களுக்கு, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட்; எங்கள் மாணவர்களுக்கு வெறும் பங்கேற்புச் சான்றிதழ். என்னை அதிகம் உறுத்தியது இதுதான். தனிமனிதரின் நல்ல எண்ணம் ஒரு எல்லைக்கு மேல் போகாது, விதி எழுதப்படும்போதே இரு தரப்பும் அங்கே இருக்க வேண்டும்.

நேரப் பிரச்சினையும் உண்டு. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அன்றும், அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலானவற்றில் அந்த வழக்கம் கிடையாது. வகுப்பு அவர்கள் கடிகாரப்படி நடந்ததால் கல்விப் பருவத்தின் நடுவே எங்கள் கால அட்டவணை மொத்தமும் இடம் மாறியது.

முதுகலை மாணவி ஒருவர்:

சார், கிரெடிட் விஷயம் எங்களுக்கும் அப்படியேதான். இன்னொன்றையும் சேர்க்கிறேன். பேசுவதற்கு மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இருப்பவர்கள் யோசிக்கும்போதே பேசிவிடுகிறார்கள், நாங்கள் வாக்கியத்தை மனதில் கோத்து முடிப்பதற்குள் விவாதம் அடுத்த கேள்விக்குப் போய்விடும். கேமராவை அணைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மொபைல் டேட்டாவில் சேர்பவருக்கு அது நேரடியான செலவு. குழு அறிக்கையின் முக்கிய முடிவுகளும் எங்கள் நள்ளிரவில் எடுக்கப்பட்டன. காலையில் எழுந்து பார்த்தால் எங்களுக்கு மீதி இருந்தது மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. வாரம் ஒருமுறை எழுத்தில் விவாதம் என்று மாற்றியபோதுதான் நாங்கள் எவ்வளவு படித்திருக்கிறோம் என்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஒருங்கிணைப்புப் பணியில் இருப்பவர்:

இந்த மாதிரி வகுப்பு புதிதல்ல. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-லேயே இதற்கென ஒரு மையம் தொடங்கியது. 2020-ல் பெருந்தொற்று வந்து பயணங்கள் நின்றதும் பல பல்கலைகள் இந்தப் பக்கம் திரும்பின. விமானச் செலவு இல்லாததால் இது தானாகவே சமத்துவமானது என்ற நம்பிக்கை அப்போது பரவியது. மேலே இருவரும் எழுதியிருப்பதைப் பார்த்தாலே அது எவ்வளவு தவறு என்று தெரிகிறது.

எங்களுக்கு ஓரளவு சரியாக அமைந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். ஒரு கல்விப் பருவம் முன்னாடியே இரு தரப்பும் உட்கார்ந்து வெற்றுத்தாளில் தொடங்கினோம். ஆய்வுக் கேள்விகளில் பாதியை ஒரு தரப்பும் பாதியை மறு தரப்பும் வைத்தது. பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற கட்டுரை எதையும் கட்டாய வாசிப்பாக வைக்கவில்லை. நேரலை வகுப்பு ஒரு வாரம் எங்களுக்கு வசதியான நேரத்தில், மறுவாரம் அவர்களுக்கு வசதியான நேரத்தில்.

மாணவர்கள் மக்களிடம் பேட்டி எடுக்க வேண்டியிருந்ததால், தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான சான் மக்கள் 2017-ல் தாங்களே வெளியிட்ட ஆய்வு நெறிமுறையை முதல் வாரம் படித்தோம். எங்களை ஆராய வருபவர்கள் மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றோடு வாருங்கள் என்று ஆராயப்பட்டவர்களே விதித்த நெறி அது. அதைப் படித்தபின் இரு பக்கத்து மாணவர்களும் கேள்வித்தாளைத் திருத்தி எழுதினார்கள். பதிவுகள் யாரிடம் இருக்கும், அவற்றை யார் அழிக்கச் சொல்லலாம் என்ற கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன.

நிதியில் மட்டும் தோற்றோம். பணம் முழுக்க 'தலைமைப் பங்காளி' கணக்குக்குத்தான் போனது, எங்கள் பக்கத்து உதவியாளரின் ஊதியத்துக்குக்கூட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அடுத்த விண்ணப்பத்தில் இரு பல்கலைகளுக்கும் தனித்தனிக் கணக்கு கேட்டிருக்கிறோம். யாராவது இப்படி வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தில் அதை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.