எஸ்கேப் கேமுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முதல் வேண்டும்

வட்டக்கச்சியில் இருந்து:

எல்லோருக்கும் வணக்கம். இணையத்தில் விளையாடும் துப்பறியும் எஸ்கேப் கேம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கோப்பு அனுப்பவேண்டும். துப்பறிவாளர் ஒருவரின் அலுவலகத்தில் அடைபட்டுக் கிடக்கிறோம், 60 நிமிடத்துக்குள் மேசை லாச்சி, நின்றுபோன மணிக்கூடு, கிழிந்த கடிதம் எல்லாவற்றையும் கிளறி வெளியே வரவேண்டும். நேற்றிரவு விறாந்தையில் தம்பியோடு விளையாடினேன். மணிக்கூடு 4:20இல் நிற்கிறது. அவன் 420 என்று அடித்து அடித்துக் கடைசியில் போனைப் பாயில் எறிந்துவிட்டான். யன்னலுக்கு வெளியே வெயில் தெரிகிறதே, பின்னேரமாக்கும் என்று நான் 1620 அடித்தேன், லாச்சி திறந்தது. சரி, சிக்கல் அதுவல்ல. தொடக்கப் பொத்தானில் பத்து எழுத்துத்தான் கொள்ளும். 'தப்பித்தல் விளையாட்டு' என்று போட்டால் 'தப்பித்தல் விளையா' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சின்னச் சொல்லாக ஒன்று தாருங்கள்.

முள்ளியவளையில் இருந்து:

பிள்ளை, வாய்விட்டுச் சிரித்தேன். 'விளையா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று கொள்ளலாம், பின்னால் பெயரைக் காணோம், ஆகவே பலவின்பால் எதிர்மறை வினைமுற்று, அதாவது 'விளையமாட்டா'. தப்பித்தல் கைகூடாது என்று பொத்தானே சொல்லிவிடுகிறது!

'தப்பறை' என்று வைக்கலாம்தான். ஆனால் தமிழ்நாட்டார் பிழையான அறை என்று விளங்கிக்கொள்வார்கள். இந்தப் பிழை என்ற சொல்லையும் பாருங்கள். பிழைத்தான் என்றால் தவறு செய்தான், உயிர் தப்பினான், இரண்டும்தான். தப்பு, பிழை, இரண்டு சொல்லுக்கும் ஒரே இரட்டைப் பொருள் எப்படி வந்தது? குறி தவறிய அம்பு எய்தவனுக்குப் பிழை, மானுக்குப் பிழைப்பு. நாற்பது வருடம் படிப்பித்தும் இது இப்போதுதான் உறைக்கிறது.

'துப்பு' என்பதையும் மாற்றுங்கள். 12ஆம் குறளில் துப்பு உணவு, வேறிடங்களில் பவளம். ஒற்று என்பதே சரி. 589ஆம் குறளில் ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறார். உங்கள் விளையாட்டும் அதுதானே?

வவுனியாவில் இருந்து:

ஐயா, ஒற்று என்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு க், ங், ச். அவர்களின் தாய் தகப்பனுக்கு வயலை ஒற்றிக்கு வைப்பது. துப்பு எல்லோருக்கும் விளங்கும், விடுங்கள். அப்புறம் நொடிக்கு, அதாவது விடுகதைக்கு, தொல்காப்பியத்தில் பிசி என்று பெயர் என்றும் வருவீர்கள், அதைப் பொத்தானில் போட்டால் ஆள் வேலையாக இருக்கிறார் என்று பிள்ளைகள் போய்விடுவார்கள். இன்னொன்று, இந்த விளையாட்டு முதலில் கணினித் திரையில்தான் வந்தது, நிஜ அறையில் ஆட்களைப் பூட்டி விளையாடியது 2007இல், ஜப்பானின் கியோட்டோவில். ஆகவே 'அறை' கட்டாயமில்லை. 'வெளியேறு' போதும்.

வட்டக்கச்சியில் இருந்து:

அண்ணா, விளையாட்டை மூடும் பொத்தானில் ஏற்கெனவே 'வெளியேறு' இருக்கிறது.

புதுக்குடியிருப்பில் இருந்து:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. 'தப்பறை' வேண்டாம். 2009க்குப் பிறகு எங்கள் பக்கம் 'எப்படித் தப்பி வந்தனீங்கள்' என்பதுதான் ஆளை ஆள் கண்டவுடன் கேட்ட கேள்வி. என் மகள் பிறகு பிறந்தவள், அவள் விளையாடட்டும், அவளுக்கு அது வெறும் சொல். எனக்கு அப்படி இல்லை. 'பூட்டறை' என்று வைத்தால் என்ன?

வவுனியாவில் இருந்து:

அக்கா சொல்வது சரி. பூட்டறை. நாலே எழுத்து, யாரிடமும் பொருள் கேட்கத் தேவையில்லை. அறை வேண்டாம் என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

முள்ளியவளையில் இருந்து:

மகளே, தப்பு வேண்டாம் என்பதை ஏற்கிறேன், அதற்குமேல் நான் எதுவும் எழுதக்கூடாது. ஆனால் பூட்டறை மறியல் வீடு மாதிரி இருக்கிறது. ஆள் உள்ளே போவதைச் சொல்கிறது, வெளியே வருவதைச் சொல்லவில்லை. 'திறப்பு' என்று வையுங்கள். சாவியும் அதுதான், திறத்தலும் அதுதான்.

வவுனியாவில் இருந்து:

தமிழ்நாட்டில் திறப்பு என்றால் ரிப்பன் வெட்டும் விழா, ஐயா.

வட்டக்கச்சியில் இருந்து:

பூட்டறை என்று போட்டு இப்போதுதான் அனுப்பினேன். மூன்று பேர் அந்தப் பக்கம், ஐயா தனி. தம்பியிடம் காட்டினேன், வாசித்துவிட்டு 'எஸ்கேப்தானே' என்றான்.

முள்ளியவளையில் இருந்து:

திறப்பும் நாலு எழுத்துத்தான்.